முன்வரிசை எழுந்து போனது

ஜனவரி 18, சேலம்

நேற்றைய நிகழ்ச்சியில் மூன்றாவது பாட்டிலேயே முன்வரிசை ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்னால் போய்விட்டார்கள். அத்தனை பேரும் முண்டியடித்து மேடைக்குக் கிட்டத்தில் இடம் பிடித்தவர்கள். ராக் கச்சேரிக்கு வருகிறவன் சத்தத்துக்குப் பயந்தவன் இல்லை. சத்தம் அதிகம் என்று அவர்கள் போகவில்லை. கூர்மையாக இருந்தது, தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி. நானே வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்கு ராக் பாட்டு பிடிக்காது. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவள். என் கணவர் விட்டுப்போன ரெண்டு குழாய் ஸ்பீக்கரையும் ஒரு ஆம்ப்ளிஃபையரையும் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள் அவர் வீட்டார். நான் போடவில்லை. காதுகுத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் விட்டேன். இன்றைக்கு மதுரையில் வல்லி ஆடியோஸ் என்றால் சொந்த லாரி, சொந்த ஜெனரேட்டர், கைக்குக் கட்டுப்பட்ட ஆட்கள். செண்பகவல்லி என்று முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை. ஆட்களுக்கு வல்லிக்கா.

'தகரக்கொட்டகை' என்ற சென்னைக் குழு எட்டு ஊர் சுற்றுப்பயணத்துக்கு எங்களைப் பேசியிருக்கிறது. நாற்காலியை அடித்து உடைக்கிற பாட்டுகள். ஆனால் பையன்கள் மரியாதையானவர்கள். அவர்களுடைய மேனேஜர் வத்சன் காலையில் லாட்ஜ் சாப்பாட்டு ஹாலில் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"மேடம், உங்க ஸ்பீக்கர் பாக்ஸ்ல ஏதோ பிரச்சனை."

"பாத்துச் சொல்றேன்" என்றேன்.

ஜெபசிங் மாஸ்டரிடம் கேட்டேன். எல்லா மைக் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற எங்கள் மிக்சரில் உட்காருகிறவர் அவர்தான். நாகர்கோவில்காரர். சர்ச் பாட்டுக் குழுவுக்கு சவுண்டு பார்த்துக்கொண்டிருந்தவரை நான் இழுத்துக்கொண்டு வந்தேன். என்னிடம் முதலில் வேலைக்குச் சேர்ந்த ஆள், இன்னும் போகாத ஆள். ஸ்பீக்கர் பெட்டி வாங்குவது நான், சத்தம் வைப்பது அவர். ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் தலையிடுவதில்லை.

"ஹார்னுக்குள்ள டயஃப்ரம் போயிருக்கும் ஓனர். மாத்திப் போடுவோம்" என்றார்.

மேல் சத்தத்தைக் கிளப்புகிற மெல்லிய சவ்வு அது. அவர் சொன்னால் சரிதான். ஈரோட்டுக்குப் போகிற வழியில் எல்லாப் பெட்டிக்கும் புதுசு வாங்க வேண்டும்.

ஜனவரி 20, ஈரோடு

டிரம்ஸுக்கு அடியில் விரிக்கிற கார்ப்பெட்டை பூமிநாதன் சேலத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். அது இல்லாவிட்டால் அடிக்கிற அடியில் டிரம்ஸ் வழுக்கிக்கொண்டு மேடை விளிம்புக்குப் போய்விடும். பூமி என் லாரி டிரைவர், மேடை வேலையும் அவன்தான் பார்ப்பான். திட்டப்போனால் அவனே முந்திக்கொண்டான்.

"அக்கா, பவானி பக்கத்துல இருந்துக்கிட்டு ஜமுக்காளத்துக்கா பஞ்சம்? வாங்கிப் போட்டுருவோம். கலரா இருக்கும், போட்டோவுல எடுப்பாத் தெரியும்."

வாங்கினோம். டிரம்ஸ் பையனுக்கு ரொம்பப் பிடித்துப்போய், பயணம் முடிந்ததும் அதைத் தனக்குத் தரச் சொல்லிவிட்டான்.

டயஃப்ரம் மாற்றியாயிற்று. சாயங்காலம் கச்சேரி. முன்வரிசை அரைமணி நேரம் தாங்கியது, பிறகு எழுந்தது. நான் கூட்டத்துக்குள் போய் நின்று பார்த்தேன். பாட்டு வரும்போது பல் கூசியது. ஜெபசிங் மாஸ்டர் மட்டும் மிக்சர் முன்னால் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, சாமி கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ராத்திரி லாட்ஜ் மேனேஜர் வந்து, மாஸ்டர் ரூமில் டிவி சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்கிறது என்றான். கிரிக்கெட் நடந்தது. அவர் கிரிக்கெட் பைத்தியம். கிரிக்கெட்டைச் சத்தமில்லாமல் பார்க்கச் சொன்னால் எப்படி?

ஜனவரி 22, கோவை

வெளிமைதானத்தில்தான் இந்தத் தொந்தரவு என்று நினைத்தேன். கோவையில் கல்லூரி அரங்கம். எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய இடம். அங்கேயும் அதே கதை. என் பெட்டிகளையே நம்பாமல், உள்ளூர் பார்ட்டி ஒருத்தரிடம் வேறு கம்பெனிப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து மாட்டினேன். வாடகைக்கு விடுகிறவளே வாடகைக்கு எடுத்தால் தொழிலில் சிரிப்பார்கள். சிரித்தார்கள். அந்தப் பெட்டியும் கீறியது.

பாடகர் பரிதி நிகழ்ச்சி முடிந்ததும் வந்தான். தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. நான் பாடுற 'ச'வெல்லாம் பாம்பு சீறுற மாதிரி போகுது. ஃப்ரெண்டு ஒருத்தன் வீடியோ அனுப்பினான். என் குரலா இதுன்னு எனக்கே அருவருப்பா இருக்கு."

அதற்கப்புறம் வத்சன். அவனுக்குத் தயக்கம் கிடையாது.

"மேடம், பாக்ஸ் மாத்தினீங்க, டயஃப்ரம் மாத்தினீங்க. மாத்தாத ஒரே விஷயம் மிக்சர்ல உக்காந்திருக்கிற ஆளு. திருச்சியிலயும் இதேன்னா நான் சென்னையிலேர்ந்து இன்ஜினியர் வரவழைச்சிடுவேன். உங்க ஆளு வீட்டுக்குக் கிளம்பலாம்."

"ஆளுன்னு சொல்லாதீங்க. மாஸ்டர்" என்றேன்.

"சரி, மாஸ்டர் கிளம்பலாம்."

இதை மாஸ்டரிடம் சொல்லவில்லை. அந்த நாற்காலி போனால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? மனைவி இறந்தபோது ஏழாம் நாளே வந்து மிக்சரில் உட்கார்ந்தவர்.

ஜனவரி 23, கோவை

நிகழ்ச்சி இல்லை. கேபிள் எல்லாவற்றையும் துடைத்துச் சுருட்டச் சொன்னேன். மாஸ்டருக்குப் பிறந்தநாள் என்று பூமி சொன்னான். கேசரி வாங்கினேன். எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

ஜனவரி 25, திருச்சி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாஸ்டர் சாப்பிடவோ ஜெபம் பண்ணவோ எழுந்து போனால், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மிக்சர் மேல் விரித்துவிட்டுப் போவார். துண்டு கிடக்கிற வரைக்கும் ஒரு விரல் அதில் படக்கூடாது. முதலாளியான நானும் தொடமாட்டேன். மற்ற கம்பெனி ஆட்கள்கூட எங்கள் துண்டுக்கு மரியாதை கொடுப்பார்கள்.

மதியம் சவுண்டு செக். மாஸ்டர் துண்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். அஃப்ரின், மேடை ஓரத்தில் உட்கார்ந்து பாடுகிறவர்களின் காதுக்குப் போகிற சத்தத்தைப் பார்த்துக்கொள்கிற திருச்சிப் பெண், நேராக மிக்சருக்கு வந்தாள். துண்டைப் பாதி விலக்கினாள். பரிதியின் குரல் வருகிற வரிசையில் இரண்டு மூன்று குமிழைத் திருகிக் குறைத்தாள். "இப்பப் பாடுங்க பரிதி" என்றாள்.

பரிதி பாடினான். மேடையில் வயர் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். இந்தப் பயணத்தில் முதல் தடவையாக அது மனுஷன் குரலாக இருந்தது. பரிதி பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். விலகிக் கிடந்த துண்டைப் பார்த்தார். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை.

"யாரு தொட்டது?"

"நான்தான் மாஸ்டர்" என்றாள் அஃப்ரின். "ஹை, அந்தக் கீச்சுச் சத்தம், ரொம்ப ஜாஸ்தியா இருந்துச்சு. கொஞ்சமாத்தான் குறைச்சேன்."

"எனக்குச் சொல்லித் தாறியோ?"

"சொல்லித் தரலை மாஸ்டர். காதுல குத்துது, அதான்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கம்பெனியில் ஒரு வழக்கம் உடைந்தால் முதலாளிதான் கட்ட வேண்டும். நான் அஃப்ரினை அத்தனை பேர் முன்னால் திட்டினேன். இன்றைக்கு உனக்கு மேடை ஓரம் கிடையாது, லாரியில் போய்க் கேபிள் எடு என்றேன். அவள் லாரிப் பக்கம் போனாள். மாஸ்டர் உட்கார்ந்து எல்லாக் குமிழையும் பழைய இடத்துக்குத் திருப்பினார். கீறல் திரும்பி வந்தது.

சாயங்காலம் முன்வரிசை இரண்டாம் பாட்டில் எழுந்தது. வத்சன் என் கண்ணெதிரிலேயே சென்னைக்குப் போன் போட்டான். இன்ஜினியர் மதுரைக்கு வந்து சேருவானாம்.

அஃப்ரினைத் திட்டியது சரிதான். சரிதான் என்று எழுதிவிட்டேன். ஆனாலும் தூக்கம் வரவில்லை.

ஜனவரி 26, தஞ்சாவூர்

குடியரசு தினம். டாஸ்மாக் கடை மூடல். பூமி காலையிலிருந்தே தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரிந்தான்.

பதினோரு மணி வெயிலில் மைக்கை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மைக் ஸ்பீக்கருக்கு நேராகத் திரும்பிவிட்டது போல. ஊ என்று ஒரு சத்தம் கிளம்பியது. மெல்லிசு, ஊசி மாதிரி. எங்கள் தொழிலில் இதை ஹவுலிங் என்போம். கிளம்பிய நொடியிலேயே மிக்சரில் இருக்கிறவர் கை அதை அமுக்கிவிடும், அமுக்க வேண்டும்.

இன்றைக்கு அமுக்கவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. பூமி தூக்கிக்கொண்டிருந்த பெட்டியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினான். பந்தல் போட்டவர்கள் ஏணியிலிருந்து இறங்கினார்கள். மைதானத்து ஓரத்தில் படுத்திருந்த நாய்கள் எழுந்து ஓடின. பரிதி மேடையிலிருந்து கையை ஆட்டிக் கத்தினான்.

ஜெபசிங் மாஸ்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நிதானமாக. ஒரு வாய் குடித்தார், கப்பை வைத்தார், சட்டையில் சிந்தியதைத் தட்டிவிட்டார். நாங்கள் எல்லாரும் காதில் கை வைத்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் பதறிப்போய்க் குனிந்தார். எந்த மைக் என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கினார்.

"கவனிக்கல ஓனர்" என்றார். "போன் வந்துச்சு, அதப் பாத்துட்டு இருந்தேன்."

போன் அவர் கையில் இல்லை. சார்ஜரில் போட்டது வேனுக்குள் இருந்தது. நான்தான் போட்டேன்.

அவருக்கு அது கேட்கவில்லை.

எழுதிவிட்டேன். இனி அழிக்க முடியாது. ஹார்னில் ஒன்றுமில்லை, அரங்கத்தில் ஒன்றுமில்லை. அவருக்கு மேல் சத்தம், ஊசி மாதிரி வருகிற கீச்சுச் சத்தம், கேட்பதில்லை. கேட்காததைக் கேட்க வைக்க அவர் ஏற்றிக்கொண்டே போகிறார். அவர் காதுக்குச் சரியாக வருகிறபோது ஊர்க் காதெல்லாம் கிழிகிறது. ஊர் ஊராகப் பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்த நான், பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கவில்லை.

ஜனவரி 27, புதுக்கோட்டை வழியில்

சரக்கைத் தட்டிப் பார்க்காமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை. டீக்கடையில் மாஸ்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வேன் சாவிக்கொத்தை முந்தானைக்குள் வைத்துக் குலுக்கினேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் பக்கத்தைப் புரட்டினார். பலமாகக் குலுக்கினேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "என்னக்கா, சாமி வந்துருச்சா?" என்றார். மாஸ்டர் அசையவில்லை.

"மாஸ்டர், கிளம்பலாமா?" என்றேன், சாதாரணக் குரலில்.

"இந்தா வாரேன்" என்று எழுந்தார்.

பேச்சு கேட்கிறது. சாவி கேட்கவில்லை. மதுரை வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். தூசி.

ஜனவரி 28, மதுரை

காலையில் முதல் வேலையாக வத்சனைப் பிடித்தேன். "இன்ஜினியரை வரச் சொல்லியாச்சுன்னா வரட்டும். ஆனா உக்கார வைக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாள் விட்டுப் பாருங்க. முன்வரிசையில ஒரு ஆள் எழுந்து போனாலும் நானே மாஸ்டரை இறக்கிவிடறேன்."

"என்ன மாத்தினீங்க?"

"பெட்டிக்குள்ள ஒரு கோளாறு. கண்டுபிடிச்சாச்சு."

அவன் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். சொந்த ஊரில் நான் பந்தயம் வைக்கிறேன் என்றால் சும்மா வைக்கமாட்டேன் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அஃப்ரினிடம் போனேன். நாலு பேர் முன்னால் திட்டியதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்பது சரியான கணக்கு இல்லை. பூமியையும் மற்றவர்களையும் கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டுத்தான் சொன்னேன். "திருச்சியில நான் பேசினது தப்பு." அவ்வளவுதான். அவள் முகம் மாறவில்லை.

தனியாக இருந்தபோதுதான் கேட்டேன். "எப்பத்துலேர்ந்து தெரியும் உனக்கு?"

"சேலத்துலயே தெரியும்க்கா. போன வருஷமே சந்தேகம்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னதுக்குத்தான் கேபிள் சுத்த விட்டீங்களே."

பிறகு விஷயத்தைச் சொன்னேன். மிக்சரிலிருந்து சத்தம் நேராகப் பெட்டிக்குப் போவதில்லை. மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபையர் அடுக்கில் இருக்கும் புராசஸர் வழியாகத்தான் போகும். அது அஃப்ரின் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில். மாஸ்டர் மிக்சரில் எவ்வளவு ஏற்றுகிறாரோ அவ்வளவையும் அவள் இங்கே இறக்கிவிட வேண்டும். அவருக்குத் தெரியக் கூடாது.

"இது நல்லா இல்லக்கா" என்றாள்.

"நல்லா இல்லதான். செய்."

செய்தாள். மதுரையில் முன்வரிசை எழுந்தது, ஆடுவதற்காக. பரிதியின் குரல் வெண்ணெய் மாதிரி போனது. சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் கை கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று பஸ் ஏறிவிட்டான். வத்சன் மாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

மாஸ்டர் என்னிடம் வந்தார். புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி நின்றார். "எப்படி ஓனர்?"

"பிரமாதம் மாஸ்டர்" என்றேன். "உங்க கை கைதான்."

வியாபாரத்தில் சொல்கிற பொய்க்கெல்லாம் நான் கணக்கு வைப்பதில்லை.

ஜனவரி 30, திருநெல்வேலி

கண்டுபிடித்துவிட்டார்.

மெஷினை அவரிடமிருந்து எத்தனை நாள் மறைக்க முடியும்? அஃப்ரின் இறக்க இறக்க அவருக்குக் கேட்பது இன்னும் குறைந்திருக்கிறது. அவர் இன்னும் ஏற்றியிருக்கிறார். இன்று மதியம் குமிழ் கடைசி வரை போய் முட்டி நின்றுவிட்டது. இதற்கு மேல் திருப்ப முடியாது, இன்னமும் அவருக்குப் போதவில்லை. காது பொய் சொல்லலாம், முட்டி நிற்கிற குமிழ் பொய் சொல்லாது என்று அவருக்குத் தெரியும். எழுந்து, மைதானத்தைக் கடந்து, மேடைக்குப் பின்னால் வந்து, புராசஸர் முன்னால் குனிந்து பார்த்தார். அஃப்ரின் எழுந்து நின்றாள்.

"ஓனரைக் கூப்பிடு" என்றார்.

நான் போனேன்.

"எப்பத்துல இருந்து?"

"மதுரை."

"மதுரையில என் கைய விட்டு இது போயாச்சு, இல்லையா?"

"ஆமா."

"விசயம் எப்பத் தெரியும்?"

"தஞ்சாவூர்ல."

அவர் அங்கே கிடந்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "எனக்கு ஒரு வருசமாத் தெரியும். வடசேரியில டாக்டர் பாத்துட்டுச் சொன்னார், மேல உள்ள சத்தம் போச்சு, இனி வராதுன்னு. எத்தனை வருசம் ஸ்பீக்கர் முன்னால இருந்திருக்கேன், போவாம என்ன செய்யும்? ஆனா உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்? காது போனவன சவுண்டுக்காரன்னு எவன் வச்சுக்குவான்? நீங்க வச்சுக்குவியளா?"

விலை கேட்டால் யோசிக்காமல் சொல்கிறவள் நான். இதற்கு வாய் வரவில்லை. அவர் ரொம்ப நேரம் காத்திருக்கவில்லை.

"இதுல கைய வச்சதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. ஜனங்க காது முக்கியம். நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன். ஆனா மதுரையில என் மூஞ்சியப் பாத்துப் பிரமாதம்னு சொன்னியளே, பாத்தியளா? நானும் அத நம்பிட்டு ராத்திரி பூரா தூங்காமக் கெடந்தேன், சந்தோசத்துல. அதச் செஞ்சிருக்கக் கூடாது ஓனர்."

எழுந்தார். புராசஸரில் அஃப்ரின் இறக்கியதையெல்லாம் அவரே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். மிக்சருக்குப் போய்த் தான் ஏற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாக நடுவுக்குத் திருப்பினார். "வாம்மா, உக்காரு" என்று அஃப்ரினை நாற்காலியில் உட்கார வைத்தார். தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு மைதானத்து வாசல் வழியாக நடந்தார். நாகர்கோவில் பஸ் அந்தப் பக்கம்தான் நிற்கும்.

அஃப்ரின் நிகழ்ச்சியை நடத்தினாள். நன்றாக இருந்தது. யாரும் எழவில்லை.

ஜனவரி 31, வழியில்

வேனில் முன்சீட் காலியாக இருந்தது. பூமியின் தம்பி லாரி ஓட்டியதால் பூமி வேனில் வந்தான், முன்னால் உட்காரப் போனான். பின்னால் போ என்றேன்.

போன் ஆறு தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 1, நாகர்கோவில்

கடைசி ஊர். லாரி காலையில் மைதானத்துக்குள் வந்துவிட்டது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. பெட்டியை எந்தப் பக்கம் வைப்பது, மேடைத் துணி பிய்யாமல் எப்படிக் கட்டுவது, மைதானத்துக்கு நடுவில் போகிற கரண்டு கம்பிக்கு எவ்வளவு விலக வேண்டும் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அஃப்ரின் மிக்சரில் கெட்டி, ஆனால் வெறும் மைதானத்தைப் பார்த்தால் அவளுக்கு வெறும் மைதானம்தான் தெரியும். பூமி, "அக்கா, மாஸ்டர் இல்லாம இத எங்கனக்குள்ள இறக்க?" என்று லாரியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இதெல்லாம் ஒரு சாக்கு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். ஆட்டோ பிடித்துக் கோட்டாறுக்குப் போனேன்.

அவர் தன் தங்கச்சி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மாவாட்டுகிற கிரைண்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். தங்கச்சி ஜெயராணி எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, "முந்தாநேத்து வந்ததுல இருந்து அண்ணன் வீட்டுல உள்ள மெசினையெல்லாம் கழட்டிட்டாரு மதினி. மாவு அரைக்க வழியில்ல. தயவு செஞ்சு கூட்டிட்டுப் போங்க" என்றாள். அவள் என்னை மதினி என்றதை நான் திருத்தவில்லை. ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான்.

"இரக்கப்பட்டு வந்தியளோ?" என்றார் மாஸ்டர், தலை நிமிராமல்.

"இரக்கத்துக்கு ஆட்டோக்காரன் இவ்வளவு கேக்க மாட்டான். பெட்டி லாரியில நிக்குது. இறக்க ஆள் இல்ல."

"அஃப்ரின் இருக்கால்லா?"

"அவ மிக்சர்ல உக்காருவா. மைதானம் யார் பாக்குறது?"

"வேற ஆளப் பாருங்க."

"பாத்தாச்சு. இல்ல." உண்மையில் நான் யாரையும் பார்க்கவில்லை. "அன்னிக்கு நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தேன். வச்சுக்குவியளான்னு கேட்டீங்க. வச்சுக்குவேன். ஆனா மிக்சர்ல இல்ல. அதுல மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."

ஸ்க்ரூடிரைவர் நின்றது. "அந்த நாற்காலி இல்லாம நான் என்ன?"

"அது எனக்குத் தெரியாது. நாற்காலி இல்லாம நீங்க என்ன செய்வீங்கன்னு மட்டும் தெரியும். காத்து எங்க இருந்து அடிக்குதுன்னு பாத்துப் பெட்டி வைப்பீங்க. இத்தனை வருசத்துல நம்ம மேடையில ஒருத்தனுக்கு ஷாக் அடிச்சதில்ல, அது யாரால? அந்த வேலைக்குக் காது வேண்டாம். அந்த வேலையைச் செய்யாம நீங்க கிரைண்டரக் கழட்டிக்கிட்டு இருந்தா எனக்கு நஷ்டம்."

"உங்களுக்கு நஷ்டம்" என்றார்.

"ஆமா. எனக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஜெயராணி ஏதோ வேலை இருப்பது போல உள்ளே போய்விட்டாள். அவர் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு மூடிக்குள் போட்டார்.

"எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கு" என்றார்.

"சொல்லுங்க. பேசித்தான முடிக்கணும்."

பேசி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நடுவில் இரண்டு தடவை கோபித்துக்கொண்டார், ஒரு தடவை நான் எழுந்து வாசல் வரை போனேன். ஜெயராணி சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டுப் பேசினோம். பிறகு ஒரே ஆட்டோவில் மைதானத்துக்கு வந்தோம். வந்ததும் பூமியைப் பார்த்து, "லேய், காத்து மேக்க இருந்து அடிக்கி, பெட்டிய அங்கன வச்சா சத்தம் பூராவும் கன்னியாகுமரிக்குத்தாம்ல போவும்" என்று ஆரம்பித்துவிட்டார். அஃப்ரின் ஓடிவந்து எதிரில் நின்றாள். அவர் அவளிடம், "பயப்படாத, உன் பக்கம் வர மாட்டேன்" என்றார். "வாங்க மாஸ்டர், பக்கத்துல உக்காருங்க" என்றாள் அவள்.

பேசி முடித்ததை மறந்துபோகாமல் எழுதிவைக்கிறேன். இனி மிக்சர் அஃப்ரினுக்கு. நிகழ்ச்சி நடக்கும்போது மாஸ்டர் அவள் பக்கத்தில் உட்காரலாம், கை மடியில் இருக்க வேண்டும். மைதானம், கரண்டு, பெட்டி வைக்கிற இடம் எல்லாம் அவர் பொறுப்பு. அதில் அவர் சொன்னால் நானும் கேட்க வேண்டும். சம்பளத்தில் மாற்றம் இல்லை. காது விஷயத்தை வத்சனிடமும் பரிதியிடமும் அவரே சொல்வார், நான் வாயைத் திறக்கக் கூடாது. காதுக்கு மெஷின் வாங்க வேண்டும் என்றேன், ஊருக்குப் போனதும் என்றார். ஊருக்கு என்றால் மதுரைக்கு என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர் சம்பந்தப்பட்ட எதையும் இனி அவருக்குத் தெரியாமல் நான் முடிவு செய்யக் கூடாது. நன்றாக இல்லாததை நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. கடைசியாக ஒன்று கேட்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் பக்கத்திலிருந்தோ தூரத்திலிருந்தோ சொல்லாமல், எதிரில் வந்து நின்று, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கும் சரி என்றேன்.